தீராப் பகை என்றொரு வசதி

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்து, ஒரு தம்ளர் காப்பி சாப்பிட்டுவிட்டு, உலக விவகாரம் பேசிவிட்டுப் போகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. முப்பது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் பட்டம் வாங்காமல் கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்பதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது, அன்போடுதான், ஞாபகப்படுத்துவார். அவருக்கும் எனக்கும் இப்போது பேச்சில்லை. காரணம், எங்கள் தெருவிலிருந்து எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிற ஒரு சிறு தேசம். அது ஒரு தேசமா, இரண்டு தேசமா என்பதில்தான் சண்டையே; ஆகையால் ஒரு சிறு நிலம் என்று வைத்துக் கொள்வோம்.

அன்றைக்குப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "விடுங்க தம்பி. ஆபிரகாம் காலத்திலேர்ந்து அடிச்சுக்கிறாங்க. யூதனும் அரபியும் சமாதானமாப் போறதாவது! இது தீரவே தீராது. நாம பேசி என்ன ஆகப் போவுது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், நீங்க முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது சரித்திரமா, ஜோசியமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பாதிக் காப்பியோடு தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

கேட்ட விதம் தவறு. அதற்காக இந்தப் பக்கத்திலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறேன். கேள்வியை மட்டும் வாபஸ் வாங்குவதாயில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். 2023 டிசம்பரில், காஸாவில் குண்டு விழுந்து கொண்டிருந்த நாட்களில், ஒரு இலக்கியக் கூட்டத்தில் நானும் இதையேதான் பேசினேன். 'இனி அந்த மண்ணில் சமாதானம் என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை' என்று முகத்தைச் சோகமாக வைத்துக் கொண்டு சொன்னேன். நன்றாகக் கைதட்டினார்கள். நம்பிக்கை வறண்டுவிட்டது என்று எவன் சொன்னாலும் அவன் ஆழமாக யோசித்தவன் என்று ஜனங்கள் எடுத்துக் கொள்கிறார்கள். வீட்டுக்குத் திரும்புகையில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிப்பதை நிறுத்திக் கொள்ள எனக்கு நானே உத்தரவு போட்டுக் கொண்டேன், அவ்வளவுதான். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் உறுத்துகிறது. ஆகவே இந்த வழக்கில் எதிராளி வாத்தியார் மட்டும் இல்லை.

முதலில் ஆபிரகாமைப் பற்றி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது; பைபிள் பிரசங்கம் மாதிரி. ஆனால் ஐரோப்பாவில் யூதர்களைத் தனிச் சேரிகளில் அடைத்தும், துரத்தியும், கொளுத்தியும் வந்த நூற்றாண்டுகளில், முஸ்லிம் ராஜ்ஜியங்களில் அவர்கள் வாழத்தான் செய்தார்கள். சொர்க்கவாசம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் தரக் குடிகளாக, தனி வரி கட்டிக் கொண்டு, சில ஊர்களில் அடி வாங்கிக் கொண்டு வாழ்ந்தார்கள். இருந்தாலும் 1492ல் ஸ்பெயின் தேசம் யூதர்களை மூட்டை முடிச்சோடு விரட்டியபோது அவர்களில் பலருக்குக் கதவைத் திறந்தது துருக்கி சுல்தானின் ராஜ்ஜியம்தான். இது வாத்தியாருக்குத் தெரியாததா?

இன்றைய பகைக்குப் பிறந்த தேதி உண்டு. 1880களில் ரஷ்யாவில் யூதர்கள் மீது நடந்த கொலை கொள்ளைகளுக்குத் தப்பி ஒரு கூட்டம் பாலஸ்தீனத்துக்கு வந்து சேர்ந்தது. 1917 நவம்பரில், பாலஸ்தீனம் இன்னும் முழுதாகத் தன் கைக்கு வராத நிலையிலேயே, பிரிட்டிஷ் மந்திரி பால்ஃபர், யூதர்களுக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் அமைய உதவுவதாக வாக்குக் கொடுத்தார். அங்கே குடியிருந்த அரபு ஜனங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெய்ரூத்தில் மாளிகையில் உட்கார்ந்திருந்த மிட்டாதார்கள் ஜெஸ்ரீல் சமவெளியை நல்ல விலைக்கு விற்றார்கள். தலைமுறையாக அதை உழுது கொண்டிருந்த குடியானவன் ஒரு நாள் காலையில் வெளியே போகச் சொல்லப்பட்டான். விற்றவன் மீது அவனுக்கு எவ்வளவு கோபமோ, வாங்கியவன் மீதும் அவ்வளவு கோபம். வாங்கியவனுக்கோ போக வேறு இடம் கிடையாது. இதைப் புரிந்து கொள்ள வேதகால ஆராய்ச்சி வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தகை வழக்குப் பார்த்த எவனுக்கும் புரியும்.

1929 ஆகஸ்டில் ஹெப்ரான் நகரத்தில் கலகம் மூண்டு 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர் யூதர்களில் பலர் அன்று பிழைத்தது அரபு அண்டை வீட்டார் தம் வீட்டுக்குள் ஒளித்து வைத்ததால். இரண்டும் ஒரே நாளில், ஒரே தெருக்களில் நடந்தவை. தீராப் பகைக்காரர்கள் முதல் வாக்கியத்தைச் சொல்வார்கள், இரண்டாவதை விழுங்கிவிடுவார்கள். பிறகு 1947 நவம்பர் 29ல் ஐக்கிய நாடுகள் சபை 33 வாக்குகளுக்கு 13 என்று அந்த நிலத்தைப் பிரிக்கத் தீர்மானித்தது. எதிர்த்து வாக்களித்த பதின்மூன்றில் நம் தேசமும் ஒன்று; பிரிவினை என்றால் என்னவென்று அந்த வருஷம் நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்? 1948 யுத்தம் முடிந்தபோது சுமார் 7 லட்சம் பாலஸ்தீனியர்கள் அகதிகள். அவர்களில் பலர் வீட்டுச் சாவியைக் கையோடு கொண்டு போனார்கள், பத்து நாளில் திரும்பிவிடலாமென்று.

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம் பேச வேண்டும்.

இஸ்ஹார் என்ற யூத எழுத்தாளர் 1948 யுத்தத்தில் இஸ்ரேலிய ராணுவத்தில் இருந்தவர். யுத்தம் முடிந்த சூட்டோடு, 1949லேயே, 'கிர்பெட் கிஸே' என்று ஒரு நெடுங்கதை எழுதினார். கிர்பெட் கிஸே என்பது ஒரு அரபுக் கிராமத்தின் பெயர். இஸ்ரேலியச் சிப்பாய்கள் உத்தரவுப்படி அந்தக் கிராமத்தைக் காலி செய்கிறார்கள்; கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்புகிறார்கள். கதை சொல்பவன் அந்தச் சிப்பாய்களில் ஒருவன். வேலையையும் செய்கிறான், செய்யும்போதே, அகதியாய் அலைவது என்றால் என்ன என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த இனத்தில் பிறந்தவன் தான் என்பதும் அவன் நெஞ்சை அறுக்கிறது. இதை எழுதியவரைத் தேசத்துரோகி என்று சிறையில் போடவில்லை. அவர் ஆளும் கட்சியின் பார்லிமெண்ட் உறுப்பினர்! பிற்காலத்தில் அந்தக் கதை இஸ்ரேலியப் பள்ளிக்கூடப் பாடத்திலும் இடம் பெற்றது.

இருபது வருஷம் கழித்து, 1969ல், எதிர்க்கரையிலிருந்து ஒரு கதை வந்தது. கஸ்ஸான் கனஃபானி எழுதிய 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்'. 1948 கலவரத்தில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, மறுபடி அங்கே போக முடியாமல் கடலில் தள்ளிவிடப்பட்ட ஒரு தம்பதி, 1967 யுத்தத்துக்குப் பிறகு எல்லை திறந்ததும் தங்கள் பழைய வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். வீட்டில் போலந்திலிருந்து வந்த ஒரு யூத அம்மாள். அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தவள் அவள். பிள்ளை இப்போது வாலிபன். இஸ்ரேலிய ராணுவ உடுப்பில் வந்து நிற்கிறான். கனஃபானி சாதுவான ஆசாமியல்ல. ஆயுதப் போராட்டம் நடத்திய ஒரு முன்னணியின் பிரதிநிதி. அந்த இயக்கத்தின் சார்பில் பத்திரிகைக்காரர்களிடம் பேசியவர். 1972 ஜூலையில் பெய்ரூத்தில் அவருடைய காரில் வைத்த குண்டு வெடித்து, கூட இருந்த பதினேழு வயது மருமகளோடு செத்துப் போனார். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் கதையில் அந்த யூத அம்மாளுக்கு என்ன கொடுத்திருக்கிறார் தெரியுமா? ஆஷ்விட்ஸில் செத்துப் போன ஒரு தகப்பனைக் கொடுத்திருக்கிறார். ஹைஃபாவுக்கு வந்த புதிதில், செத்துப் போன ஒரு அரபுக் குழந்தையைச் சிப்பாய்கள் லாரியில் தூக்கி எறிந்ததைப் பார்த்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்று துடித்த மனசைக் கொடுத்திருக்கிறார். கதை முடிவில் அவர் யுத்தத்தின் பக்கம்தான் நிற்கிறார். ஆனாலும் எதிரியை மனுஷியாகப் படைத்துவிட்டார். 2008ல் இந்தக் கதையை நாடகமாக்கி, ஹீப்ரூ மொழியில், டெல் அவிவ் நகரத்தின் பெரிய நாடக சபை ஒன்று மேடையேற்றியது.

கதை எழுதியதால் எந்த யுத்தமும் நின்றதில்லை. அந்த மயக்கம் எனக்கில்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒருவனுக்கொருவன் புரிந்து கொள்ளவே முடியாத இரண்டு ஜாதி மிருகங்கள் அங்கே இருப்பதாக வாத்தியார் நினைக்கிறார். அவர்கள் ஒருவரையொருவர் மிக நன்றாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள். தாவா நிலத்தைப் பற்றியது, வீட்டைப் பற்றியது, தண்ணீரைப் பற்றியது, யார் யாருக்குச் சலாம் போடுவது என்பதைப் பற்றியது. இதெல்லாம் தீர்க்கக் கூடிய வகையைச் சேர்ந்த தாவாக்கள்.

"சரி, தீர்த்ததுண்டா?" என்று வாத்தியார் கேட்பார். உண்டு. எகிப்தும் இஸ்ரேலும் 1948, 1956, 1967, 1973 என்று நாலு யுத்தம் போட்டன. கடைசி யுத்தத்தில் மட்டும் இஸ்ரேல் 2,500க்கு மேற்பட்ட சிப்பாய்களை இழந்தது. எகிப்துக்கு அதைவிடப் பெரிய இழப்பு. ஸினாய் பாலைவனம் இஸ்ரேல் வசம். சமாதானம் வந்து ஷார்ம் எல் ஷேக் போவதைவிட, ஷார்ம் எல் ஷேக் இருந்து சமாதானம் இல்லாமற் போவதே மேல் என்று மோஷே தயான் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். 1977ல் பிரதம மந்திரியான மெனாகெம் பெகின் யார்? 1946ல் ஜெருசலேம் கிங் டேவிட் ஹோட்டலைக் குண்டு வைத்துத் தகர்த்து 91 பேரைக் கொன்ற இயக்கத்தின் தலைவர். பதவிக்கு வந்த புதிதில் ஸினாயில் இருந்த ஒரு குடியேற்றத்துக்குப் போய், ஓய்வு பெற்றதும் இங்கேதான் வந்து குடியிருப்பேன் என்று அறிவித்தவர். அந்த நவம்பரிலேயே எகிப்து ஜனாதிபதி ஸதாத் ஜெருசலேமுக்கு விமானத்தில் வந்து இறங்கினார். இஸ்ரேல் பார்லிமெண்டில் நின்று பேசினார். 1979 மார்ச்சில் உடன்படிக்கை. 1982 ஏப்ரலுக்குள் ஸினாய் அநேகமாக முழுவதும் எகிப்துக்குத் திரும்பியது, ஷார்ம் எல் ஷேக் உள்பட. பேச்சு வார்த்தை நடத்தி முடித்த வெளிநாட்டு மந்திரி யார் என்று நினைக்கிறீர்கள்? அதே தயான்தான்!

பெகினுக்கும் ஸதாத்துக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் வந்துவிடவில்லை. பாலைவனத்தில் எந்தப் பட்டையில் எத்தனை சிப்பாய்கள், எத்தனை டாங்கிகள் என்று எண்ணி எழுதிக் கொண்டார்கள். பார்த்துக் கொள்ள மூன்றாம் தேசத்து ஆட்களைக் காவல் வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த எல்லையில் ஐந்தாவது யுத்தம் வரவில்லை. இரண்டு ஊர் ஜனங்களும் இன்றுவரை கொஞ்சிக் குலாவியதாகத் தகவல் இல்லை. சமாதானம் என்றால் கல்யாண சம்பந்தம் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாயிருக்கும். பிள்ளைகள் சாகாதிருந்தால் போதும் என்கிறவர்களுக்கு இது பெரிய காரியம்.

இப்போது நான் வாத்தியார் முன் வைக்க விரும்புகிற முக்கியமான சாட்சிகளுக்கு வருகிறேன். எல்லோரும் செத்துப் போனவர்கள்.

1948 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் தூதராகச் சமரசம் பேச வந்த ஸ்வீடன் தேசத்துப் பெர்னடாட் பிரபுவை யூதத் தீவிரவாதிகள் ஜெருசலேமில் சுட்டுக் கொன்றார்கள். 1951 ஜூலையில் ஜோர்டான் மன்னர் அப்துல்லாவை அல் அக்ஸா மசூதியில் ஒரு பாலஸ்தீனிய இளைஞன் சுட்டான். மன்னர் இஸ்ரேலோடு ரகசியமாகப் பேசிக் கொண்டிருந்தவர். 1978 ஜனவரியில் லண்டனிலிருந்த பாலஸ்தீன விடுதலை இயக்கப் பிரதிநிதி ஸயீத் ஹம்மாமி. இஸ்ரேலியர்களோடு பேச வேண்டும் என்று சொன்ன முதல் சிலரில் ஒருவர். 1981 அக்டோபரில் ஸதாத். சுட்டது சொந்த ராணுவச் சிப்பாய்கள். 1983ஐ மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஜெருசலேமில் சமாதான ஊர்வலம் போன யூதர்கள் மீது இன்னொரு யூதன் கைக்குண்டு வீசி எமில் க்ரூன்ஸ்வைக் என்ற மனிதரைக் கொன்றான். ஏப்ரலில் போர்ச்சுகலில் ஒரு மாநாட்டுக்கு வந்திருந்த டாக்டர் இஸ்ஸாம் ஸர்தாவியைப் பாலஸ்தீனியத் தீவிரக் கோஷ்டி சுட்டுக் கொன்றது. அவர் செய்த குற்றம் இஸ்ரேலிய சமாதானவாதிகளோடு உட்கார்ந்து பேசியது. இரண்டு மாத இடைவெளியில், இரண்டு கரையிலும், ஒரே காரணத்துக்காக இரண்டு சாவு. கொன்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் உடன்பட்டிருப்பார்கள்.

பிறகு 1993 செப்டம்பர் 13. வாஷிங்டனில் ராபினும் அரஃபாத்தும் கை குலுக்கினார்கள். ஆறு மாதம் ஆவதற்குள், 1994 பிப்ரவரி 25ல், ரம்ஜான் மாத வெள்ளிக்கிழமை விடியற்காலையில், ஹெப்ரான் மசூதியில் தொழுது கொண்டிருந்தவர்களில் 29 பேரை ஒரு யூத டாக்டர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். நாற்பது நாள் துக்கம் கழிந்ததும் அஃபுலாவில் பஸ் அருகே ஹமாஸின் குண்டு. 1995 நவம்பர் 4ல் டெல் அவிவில் சமாதானப் பொதுக்கூட்டம் முடிந்து படி இறங்கிய ராபினை ஒரு சட்டக் கல்லூரி மாணவன் முதுகில் சுட்டான். அவனும் யூதன். 1996 பிப்ரவரி மார்ச்சில் ஒன்பது நாளில் ஹமாஸ் தற்கொலைக் குண்டுகள் சுமார் 60 இஸ்ரேலியர்களைக் கொன்றன. அந்த மே மாதத் தேர்தலில், ஒப்பந்தத்தை எதிர்த்து நின்ற நெதன்யாகு 30,000க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2002 மார்ச்சில் அரபு ராஜ்ஜியங்கள் பெய்ரூத்தில் கூடி, 1967ல் பிடித்த நிலத்தைத் திருப்பித் தந்து, அகதிகளுக்கு நியாயம் செய்து, பாலஸ்தீன அரசுக்கும் வழிவிட்டால் இஸ்ரேலோடு சகஜ உறவு என்று தீர்மானம் போட்டன. தீர்மானம் நிறைவேறுவதற்கு முதல் நாள் இரவு, நெதன்யா நகர ஹோட்டலில் பஸ்கா பண்டிகை விருந்துக்கு உட்கார்ந்திருந்த 30 பேரை ஒரு குண்டு கொன்றது.

நம் ஊரில் காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். பட்டுப்போன மரத்தின் மேல் எவன் கல்லெறிவான்? சமாதானம் நடக்காத காரியம் என்றால், ராபின் எதற்குச் சாக வேண்டும்? அந்த மாணவன் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாமே. தானே முறிந்துவிடுகிற ஒப்பந்தத்தை முறிக்க அவன் ஏன் ஆயுள் தண்டனை ஏற்க வேண்டும்? பஸ்ஸில் குண்டு கட்டிக் கொண்டு ஏறியவன் தன் உயிரை எதற்காகக் கொடுத்தான்? சமாதானம் வந்துவிடும், விட்டால் வந்தே விடும் என்று உறுதியாக நம்பியவர்கள் இவர்கள். வாத்தியாரைவிட, அந்தக் கூட்டத்தில் பேசிய என்னைவிட, இந்தக் கொலைகாரர்களுக்கு நம்பிக்கை அதிகம். அதைக் கொல்ல அவர்கள் இத்தனை பாடுபட்டார்கள். நாமோ அவர்கள் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு, 'பார்த்தாயா, முடியாது என்று அப்போதே தெரியும்' என்று பேசுகிறோம். கொலை செய்தவன் எழுத நினைத்த தீர்ப்பை நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு என்னைத் தூக்கி வைத்துக் கொள்ளக் கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது. பேசினால் தீரும், பேசிக் கொண்டே இருக்க வேண்டும், வெள்ளைப் புறா, இரண்டு பக்கக் குழந்தைகளும் சேர்ந்து பாட்டுப் பாடுவது — இந்தக் கூட்டத்தாரிடமும் எனக்குத் தகராறு உண்டு. பங்காளி வழக்கில் வாய்தா வாங்குகிற கலையை நாம் அறிவோம். நிலம் எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு வாய்தா லாபம். வழக்கு நடக்கிறது என்று ஊருக்கும் சொல்லலாம். நடுவில் வரப்பையும் நகர்த்தலாம். 1993ல் கை குலுக்கியபோது மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, சுமார் 1,10,000 யூதக் குடியேறிகள் இருந்தார்கள். 2000ல் சுமார் 2 லட்சம். 2023க்குள் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதாவது, எந்த நிலத்தில் பாலஸ்தீன அரசு அமையப் போகிறதென்று பேசினார்களோ அந்த நிலத்தில், பேச்சு நடந்த வருஷங்களிலேயே குடியேற்றம் ஏறக்குறைய இரட்டித்தது. ஐந்து வருஷத்துக்கு என்று போட்ட தாற்காலிக ஏற்பாட்டில் மேற்குக் கரையின் சுமார் 60 சதவீத நிலம் முழுசாக இஸ்ரேலிய ராணுவத்தின் அதிகாரத்தில் விடப்பட்டது. அந்தத் தாற்காலிகத்துக்கு முப்பது வயதாகிவிட்டது. தன் சொந்த ஆலிவ் தோப்புக்குப் போகச் சோதனைச் சாவடியில் காத்து நிற்கிற குடியானவனிடம் போய் 'பேச்சு நடக்கிறது, பொறு' என்று சொன்னால், அவன் காறித் துப்பாமல் என்ன செய்வான்?

நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு துப்பாக்கிக்குக் கவிதை பாடுகிற நம் ஊர் வீரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் செய்ததை 'எதிர்ப்பு' என்று ஒரே சொல்லில் மடித்து வைத்துவிட்டு நகர்ந்தவர்களை நான் பார்த்தேன். சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 250 பேரைப் பிடித்துக் கொண்டு போனார்கள். பெஎரி என்ற கிராமத்தில் செத்தவர்களில் விவியன் சில்வர் என்று 74 வயது அம்மாள் ஒருத்தி. காஸாவிலிருந்து வரும் நோயாளிகளைத் தன் காரில் இஸ்ரேலிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவள் செய்து வந்த வேலைகளில் ஒன்று. சமாதானத்துக்காகப் பெண்களைத் திரட்டிய இயக்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருத்தி. அவளைக் கொன்று எந்தப் பாலஸ்தீனம் விடுதலையானது? அதற்குப் பதில் என்று தொடங்கிய யுத்தத்தில், காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, 2025 ஜூலை முடிவதற்குள் 60,000க்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். பாதிக்குப் பாதி பெண்களும் குழந்தைகளும். பசியைக்கூட ஆயுதமாக்கினார்கள். இதைத் 'தற்காப்பு' என்று ஒரே சொல்லில் மடிக்கிறவர்களும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். 2025 அக்டோபரில் ஒரு போர்நிறுத்தம் ஏற்பட்டது. செத்தவர்கள் எழுந்து வரவில்லை.

"இதுக்கப்புறம் யாரை யார் நம்புவாங்க, தம்பி?" — அன்று வாத்தியார் கேட்டவற்றுள் பதில் சொல்லச் சிரமமான கேள்வி இதுதான். நான் அதற்குப் பதில் சொல்லாமல் ஜோசியம் என்று கிண்டல் செய்தேன். இப்போது சொல்கிறேன்: ஒருவரும் நம்ப மாட்டார்கள். விவியன் சில்வரின் அண்டை வீட்டார் நம்ப மாட்டார்கள். கான் யூனிஸில் கட்டட இடிபாட்டிலிருந்து பிள்ளையைத் தோண்டி எடுத்த தகப்பன் நம்ப மாட்டான். நம்பச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நம்பிக்கை வந்த பிறகு சமாதானம் என்று எழுதி வைத்தவன் யார்? நம்புகிறவர்களுக்கு எதற்கு உடன்படிக்கை? நம்பாதவர்கள்தான் சாட்சி வைத்து, முத்திரை போட்டு, எல்லைக் கல் நட்டு எழுதிக் கொள்வது. எழுத வேண்டியது என்னவென்பதும் புதிர் இல்லை. 2001 ஜனவரியில் தாபாவில் இரு தரப்பு அதிகாரிகளும் வரைபடத்தை விரித்து நெருங்கி வந்தார்கள். 2003ல் யோஸி பெய்லினும் யாஸர் அபெத் ரப்போவும் எல்லை, ஜெருசலேம், அகதிகள் என்று எல்லாவற்றையும் முழுசாக எழுதிக் காட்டினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1967ல் யுத்தம் ஓய்ந்த சில வாரங்களுக்குள், அஸீஸ் ஷெஹாதே என்ற ரமல்லா வக்கீல், இஸ்ரேலுக்குப் பக்கத்தில் ஒரு பாலஸ்தீன அரசு போதும் என்று யோசனை சொன்னார். ஜெயித்த களிப்பிலிருந்த இஸ்ரேல் காதில் போட்டுக் கொள்ளவில்லை. அரபு வானொலி அவரைத் துரோகி என்றது. அந்த வக்கீல் சொன்ன இடத்துக்குப் பாலஸ்தீன விடுதலை இயக்கம் 1988ல் வந்து சேர்ந்தது. இருபத்தோரு வருஷம்.

ஒரே அரசு போதும், இரண்டு எதற்கு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஏறக்குறைய 70 லட்சம் யூதர்களும் 70 லட்சம் பாலஸ்தீனியர்களும் இருக்கிறார்கள். இரண்டில் ஒரு கூட்டம் காணாமற் போய்விடும் என்று கணக்குப் போடாத எந்தத் திட்டத்தோடும் உட்கார்ந்து பேசலாம். அப்படிக் கணக்குப் போடுகிறவன் எந்தக் கொடி பிடித்தாலும் அவனோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.

இதை எழுதிக் கொண்டிருப்பது எப்படியோ வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அவர் பேரன் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தான். கரும்பலகையில் எழுதிப் பழகிய அதே முத்து முத்தான எழுத்து. "கட்டுரை எழுதுவதாகக் கேள்வி. நல்லது. குடியேறிய ஐந்து லட்சம் பேரை எங்கே கொண்டு போய் வைப்பாய் என்பதையும் எழுதவும்" என்றிருந்தது.

கோபத்தில் என்னை ஒருமையில் எழுதியிருக்கிறார், பரவாயில்லை, உரிமைதான். கேள்வி சரியான கேள்வி. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவே: 1982 ஏப்ரலில் ஸினாயில் யாமித் என்ற குடியேற்றத்தில், கூரை மேல் ஏறி நின்று மறுத்த யூதர்களை யூதச் சிப்பாய்களே இழுத்து இறக்கி, ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அப்போது ராணுவ மந்திரி ஷரோன். 2005ல் காஸாவின் 21 குடியேற்றங்களிலிருந்து சுமார் 8,000 பேரை வெளியேற்றியபோது பிரதம மந்திரி அதே ஷரோன். எல்லையோரம் நெருக்கமாகக் கட்டிய பெரிய குடியேற்றங்களை அப்படியே விட்டு, அதற்கு ஈடாக வேறு நிலம் தருவதென்று 2003 திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அப்போதும் பல ஆயிரம் குடும்பங்கள் பெயர வேண்டியிருக்கும். 8,000 என்பது வேறு, 5 லட்சம் என்பது வேறு என்று வாத்தியார் சொல்வார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1993ல் கேட்டிருந்தால் அந்த எண் 1,10,000 ஆக இருந்தது.

பேரனிடம் கனஃபானியின் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காப்பிப் பொடி புதிதாக அரைத்து வைத்திருக்கிறது என்றும் சொல்லி அனுப்பினேன்.